கடிகாரத்துக்கு அபராதம் போட்ட புரொஃபசர்

உங்கள் ஆபீஸ் சுவர்க் கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறதா? காட்டாது. மேனேஜர் ரூமில் இருப்பது ஐந்து நிமிஷம் ஃபாஸ்ட். கேன்டீனில் இருப்பது பத்து நிமிஷம் ஸ்லோ. வாசலில் கைரேகை வாங்குகிற மெஷின் மட்டும் நமக்குச் சாதகமில்லாத ஏதோ ஒரு நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். இதையெல்லாம் ஒழுங்குபடுத்த ஒரு இலாகாவே திறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்கள் தெருத்தெருவாக வந்து, "சார், உங்க வாட்ச் ஊர்க் கடிகாரத்தோட ஒத்துப்போகலை, எடுங்க அபராதத்தை" என்கிறார்கள். அடிக்கடி மாட்டுகிறவருக்குத் தள்ளுபடி வேறு உண்டு! ஜனங்களும் கோபப்படாமல், ஏதோ பரிசு விழுந்த மாதிரி சிரித்துக்கொண்டே கட்டிவிட்டுப் போகிறார்கள்.

கிறுக்குத்தனமாக இருக்கிறதா? இருக்கட்டும். இது ஒரு துருக்கி நாவல். தமிழில் சொன்னால் 'நேரத் திருத்த நிலையம்'. எழுதியவர் அஹ்மத் ஹம்தி தன்பினார், இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தில் இலக்கியப் பேராசிரியராக இருந்தவர். 1954ல் தினசரிப் பத்திரிகையில் தொடர்கதையாக வந்து, 1961ல் புத்தகமானது.

இங்கிலீஷ் மொழிபெயர்ப்பில் அதைப் படித்ததிலிருந்து அந்த ஊரைப் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு நமைச்சல். ஃப்ரீலான்ஸ் பத்தி எழுதுகிறவன் சம்பாத்தியத்தில் இஸ்தான்புல்லா என்று கேட்பீர்கள். நியாயம். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், பின்னலாடை மெஷின் பார்க்க அங்கே கிளம்பினார். "தம்பி, நீங்க பி.காம்.தானுங்களே. கூட வந்து கொட்டேஷனெல்லாம் பாத்துக் குடுங்க. டிக்கெட்டு நம்மளுது" என்றார். காமர்ஸ் படித்ததற்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் டிவிடெண்ட்! மூன்று நாள் மெஷின், மூன்று நாள் ஊர் என்று ஒப்பந்தம்.

முதலில் அந்த நாவலைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆபீஸ் போகிறவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி.

ஹைரி இர்தால் என்று ஒரு ஏழை. சின்ன வயதில் மசூதியை ஒட்டிய நேரம் பார்க்கும் அறையில், நூரி எஃபெந்தி என்ற பெரியவரிடம் கடிகார வேலை கற்றவன். பிழைக்கத் தெரியாமல் அலைந்தவனை ஹாலித் அயார்ஜி என்ற மகா கெட்டிக்காரர் பிடித்துக்கொள்கிறார். ஊர்க் கடிகாரங்களைத் திருத்த ஒரு நிலையம் ஆரம்பிக்கிறார்கள். வேலை என்ன என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஆட்கள் சேர்ந்துவிடுகிறார்கள். தலைவரின் உறவுக்காரர்கள், துணைத் தலைவரின் உறவுக்காரர்கள், அவர்களுக்கு வேண்டியவர்கள். நிலையத்துக்கு ஒரு சரித்திரம் வேண்டாமா? இல்லாத ஒரு கடிகார மேதையை இருந்ததாகக் கற்பனை செய்து ஹைரி புத்தகமே போடுகிறான். அதைப் பெரிய மனிதர்கள் ஆகா ஊகூ என்கிறார்கள்.

கடிகாரம் மாதிரியே நிலையத்துக்கு ஒரு புதுமைக் கட்டடம் எழும்புகிறது. ஊழியர்கள் கைதட்டுகிறார்கள். அதே பாணியில் அவர்களுக்கு வீடு கட்டித் தருகிறோம் என்றதும் கொதித்து எழுகிறார்கள். ஆபீஸ் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், சொந்த வீடு மட்டும் சாதாரணமாக இருக்க வேண்டுமாம்! கடைசியில் வெளிநாட்டிலிருந்து ஒரு குழு வந்து போனபின், நிலையத்தை மூட உத்தரவு வருகிறது. அப்படியானால் ஊழியர்கள் கதி? கவலையே வேண்டாம். மூடுவதற்கென்று ஒரு நிரந்தரக் கமிட்டி போட்டு, எல்லாரையும் அதிலேயே வைத்துக்கொள்கிறார்கள்.

எந்தச் செக்ஷனில் இவர் வேலை பார்த்தார் என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

சிரித்துவிட்டு மூடிவைக்கிற நாவல் இல்லை. தன்பினார் பிறந்தது 1901, இஸ்தான்புல்லில். அப்போது அது ஆட்டோமான் சாம்ராஜ்யத்தின் தலைநகரம். அங்கே இரண்டு நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அரசாங்கமும் பொதுஜனமும் பார்த்தது பழைய துருக்கி நேரம். சூரியன் மறைகிறபோது மணி பன்னிரண்டு. அங்கிருந்து அடுத்த நாள் தொடங்கும். அஸ்தமனம் தினம் தினம் மாறுமே? அதனால் கடிகாரத்தையும் தினமும் திருப்பி வைக்க வேண்டும். நம் தாத்தாக்கள் உதயாதி நாழிகை என்று சூரியோதயத்திலிருந்து எண்ணினார்கள் அல்லவா, அதற்கு நேர் மறுபக்கம். இன்னொன்று ஐரோப்பிய நேரம். கப்பல்காரனுக்கும் ரயில்காரனுக்கும் வெளிநாட்டு வியாபாரிக்கும். இரண்டையும் காட்டும் கடிகாரங்களும் இருந்தன.

பிறகு வந்தது குடியரசு. 1923ல் தலைநகரம் அங்காராவுக்குப் போனது. ஒரு ஊருக்கே டிரான்ஸ்ஃபர் ஆர்டர்! மந்திரிகள், குமாஸ்தாக்கள், ஃபைல்கள் எல்லாம் கிளம்பிப் போக, இஸ்தான்புல் கல்யாணம் முடிந்த மண்டபம் மாதிரி நின்றது. 1926ல் பழைய நேரமும் பழைய காலண்டரும் போயின. 1928 நவம்பரில் அரபு எழுத்து போய் லத்தீன் எழுத்து வந்தது. இரண்டே மாதத்தில், 1929 ஜனவரியிலிருந்து, புத்தகமெல்லாம் புது எழுத்தில்தான். 1934ல் எல்லாரும் ஒரு குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம். 1935ல் வார லீவு வெள்ளியிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக்கு மாறியது.

யோசித்துப் பாருங்கள். எழுத்து மாறியபோது தன்பினாருக்கு வயது 27. இலக்கியம் சொல்லிக் கொடுக்கும் வாத்தியார். பன்னிரண்டு வருஷத்துக்குள் தலைநகரம், மணி, எழுத்து, பெயர், லீவு நாள் எல்லாம் மாறுகின்றன. தாத்தா கல்லறையில் என்ன எழுதியிருக்கிறது என்று பேரனுக்குப் படிக்கத் தெரியாது. இதில் நல்லதும் இருந்தது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் பெருகினார்கள். பெண்களுக்குப் படிப்பும் ஓட்டும் வந்தன. அவர் இதைத் திட்டவில்லை. 1942லிருந்து 1946 வரை ஆளும் கட்சி எம்.பி.யாகவே இருந்தார். ஆனாலும், ஒரு ஊரின் நேரத்தை ஒரே ராத்திரியில் திருப்பி வைத்தால் உள்ளே என்ன உடையும் என்ற கேள்வி அவரை விடவில்லை.

நாங்கள் கலாத்தா பாலத்துக்குப் பக்கத்தில் கராக்கோயிலிருந்து 'துனெல்' ஏறினோம். மலைக்குள் சுரங்கம் தோண்டிக் கயிற்றால் இழுக்கிற ரயில். 1875ல் திறந்தது. லண்டனின் 1863 ரயிலுக்கு அடுத்து உலகிலேயே இரண்டாவது பழைய சுரங்க ரயில். நீளம் 573 மீட்டர். ஒன்றரை நிமிஷத்தில் இறக்கிவிட்டுவிடுகிறார்கள். "இதுக்கு டிக்கெட்டுங்களா?" என்று அண்ணன் வருத்தப்பட்டார். மேலே ஏறிப் பார்த்தால் இஸ்திக்லால் வீதி. ஆரம்பத்திலேயே ஒரு பெரிய மஞ்சள் கட்டடம், நர்மான்லி ஹான். ரஷ்யர்களின் தூதரகமாக இருந்து, பிறகு வாடகைக்கு விடப்பட்டது. 1940களில் நம் புரொஃபசர் இங்கே குடியிருந்தார். ஓவியர்களும் ஒரு ஆர்மீனியப் பத்திரிகையும் அக்கம் பக்கம். முற்றத்தில் பூனைகள் ராஜ்யம் நடத்தினவாம். இப்போது புதுப்பித்து, சுண்ணாம்பு மணம் மாறாத மாதிரி பளிச்சென்று வைத்திருக்கிறார்கள். கீழே கடைகள். 'இங்கே அவர் எந்த அறையில் இருந்தார்?' என்று கடைப் பையனிடம் சைகையும் இங்கிலீஷுமாகக் கேட்டேன். அவன் எனக்கு சென்ட் பாட்டில் காட்டினான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. நம்மூரில் எத்தனை எழுத்தாளர் வீடுகள் ஜவுளிக்கடையாக இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் எமினோனுவிலிருந்து உஸ்குதாருக்குப் படகு. ஐரோப்பாவில் ஏறி ஆசியாவில் இறங்குகிற படகு! சும்மா இருபது நிமிஷம். இடுப்பு ஒடுங்கிய சின்னக் கண்ணாடி கிளாஸில் பால் இல்லாத டீ. இன்னொரு கையில் எள்ளு தூவிய சிமித் ரொட்டி. பக்கத்தில் கடல் காக்கைகள் நம் ரொட்டியை அளவெடுத்துக்கொண்டே பறக்கின்றன. 1949ல் வந்த தன்பினாரின் பெரிய நாவலில், மும்தாஜ் என்கிற நாயகன் நூரானைச் சந்திப்பதே இப்படிப்பட்ட ஒரு படகில்தான், தீவுக்குப் போகும் வழியில். காதலும் சங்கீதமுமாக ஊரெல்லாம் சுற்றுகிறார்கள். கதை முடிகிற இடத்தில் இரண்டாம் உலகப்போர் வாசலில் நிற்கிறது. நோபல் பரிசு வாங்கிய ஓர்ஹான் பாமுக்கே அதை இஸ்தான்புல்லைப் பற்றிய நாவல்களில் தலையாயது என்று சொல்லியிருக்கிறார்.

படகில்தான் நான் அண்ணனுக்குத் தண்ணீர்க் கதை சொன்னேன்.

தன்பினாரின் அப்பா காஜி, அதாவது நீதிபதி. மாற்றலுக்கு மேல் மாற்றல். சினோப், சீர்த், கிர்குக், அந்தால்யா என்று குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டே இருந்தது. அப்படி ஒரு பயணத்தின் வழியில், மோசூலில் அம்மா காய்ச்சலில் இறந்து போனார். பையன் அப்போது பள்ளிக்கூட வயது. பின்னாளில் 'ஐந்து நகரங்கள்' என்று ஒரு கட்டுரைப் புத்தகம் எழுதினார், 1946ல். அங்காரா, எர்சுரூம், கோன்யா, பூர்சா, இஸ்தான்புல். இஸ்தான்புல் கட்டுரையில் ஒரு கிழவி வருகிறாள். எங்கேயோ அரபு ஊரில் வந்து மாட்டிக்கொண்ட இஸ்தான்புல்காரி. காய்ச்சல் வந்தால் அவள் பிதற்றுவது கடவுள் பெயரை அல்ல. இஸ்தான்புல் ஊற்றுகளின் பெயர்களை! கரகுலாக், சிர்சிர், தாஷ்தெலன், ஹுன்கார் என்று ஒவ்வொன்றாக. அந்தக் காலத்து இஸ்தான்புல்காரர்கள் ஒரு வாய் குடித்ததுமே இது எந்த ஊற்றுத் தண்ணீர் என்று சொல்லிவிடுவார்களாம்.

"நம்ம சிறுவாணி மாதிரீங்களா?" என்றார் அண்ணன்.

"அதேதான்ணே."

கொஞ்ச நேரம் பேசவில்லை. படகு கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. பிறகு சொன்னார்: "எங்க ஆத்தா படுத்த படுக்கையா கெடந்தப்ப ஆர்.ஓ. தண்ணி குடுத்தா துப்பீருவாங்க தம்பி. நம்ம தோட்டத்துக் கெணத்துத் தண்ணி வேணும்பாங்க. அந்தக் கெணத்த மூடித்தானுங்க ரெண்டாவது குடோனே கட்டுனது. அத ஆத்தாகிட்டச் சொல்லவே இல்ல."

நொய்யல் ஆறு என்ன ஆனது, 2011ல் கோர்ட் உத்தரவால் திருப்பூர் சாயப்பட்டறைகள் ஏன் மூடப்பட்டன என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதே குடோனும் பட்டறையும்தான் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிய வைத்தன. அண்ணன் கம்பெனியில் மட்டும் இருநூறு பேர். தன்பினார் தன் புத்தகத்துக்கு எழுதிய முன்னுரையில் தன் விஷயம் இரண்டு என்கிறார். வாழ்க்கையிலிருந்து தொலைந்து போனவற்றுக்கான துக்கம் ஒன்று. புதியதன் மேல் உள்ள ஆசை இன்னொன்று. பழசே பொற்காலம் என்று அழுகிற எழுத்தாளர் ஊருக்கு நூறு பேர். புதுசே வேதம் என்று கத்துகிறவர் இன்னொரு நூறு. இந்த மனுஷர் பற்று, வரவு இரண்டு பத்தியையும் ஒழுங்காகப் போட்டார். பாலன்ஸ் டாலி ஆகவில்லை. ஆகாததை ஆனதாகக் காட்டவும் இல்லை. ஒரு காமர்ஸ்காரன் கண்ணுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

மறுநாள் குல்ஹானே பூங்கா. மதில்மேல் உட்கார்ந்த மாதிரி ஒரு மாடம், 'அலாய் கோஷ்கு'. சுல்தான்கள் ஊர்வலம் பார்த்த இடம். 2011ல் அதைத் தன்பினார் பெயரில் இலக்கிய நூலகமாக ஆக்கியிருக்கிறார்கள். காலேஜ் பெண்கள் நாலைந்து பேர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் டிராம் வளைந்து போகிறது. உயிரோடு இருந்தபோது இவருக்கு இந்த மரியாதை கிடைத்ததா? இல்லை. கூட இருந்தவர்கள் 'அழுக்குச் சட்டை ஹம்தி' என்கிற மாதிரி பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். தன்னைப் பற்றி யாரும் பேசாமலிருப்பதே தன்னைத் தீர்த்துக்கட்ட நடக்கும் சதி என்று அவர் நினைத்தார். 2007ல் வெளியான அவருடைய டைரியைப் பற்றிப் படித்தால் நெஞ்சு கனக்கும். கடன், உடம்பு, கடன், முடிக்காத புத்தகம், மறுபடி கடன்.

முடிக்காத புத்தகம் என்றேன் அல்லவா? ஆபீஸ் விட்டு வந்து ராத்திரி எழுதலாம் என்று நோட்டு வாங்கி வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடலாம். 1939ல் பேராசிரியர் பதவி. 19ஆம் நூற்றாண்டுத் துருக்கி இலக்கிய வரலாற்றின் முதல் பாகம் 1949ல் வந்தது. இன்றைக்கும் அதைத் தாண்ட ஆளில்லை என்கிறார்கள். இரண்டாம் பாகம் வரவே இல்லை. 'நிலாவில் இருக்கும் பெண்' என்ற நாவல் பாதியில் நின்று, அவர் இறந்து இருபத்தைந்து வருஷம் கழித்து 1987ல் அச்சானது. குருநாதர் யாஹ்யா கெமாலைப் பற்றிய புத்தகமும் முடியவில்லை. தன்னை முதலில் கவிஞனாகத்தான் நினைத்தார். கவிதைத் தொகுதி ஒன்றே ஒன்று, 1961ல். மொத்தம் 37 கவிதை. பாரிஸைப் பற்றி ஆயுள் முழுக்கப் படித்தவர், அந்த ஊரைக் கண்ணால் பார்த்தது 1953ல், ஐம்பது வயது தாண்டி.

நேரத்தைப் பற்றி இவ்வளவு யோசித்த மனிதருக்கு நேரம் கிடைக்கவில்லை.

அவருடைய நிலையத்தை மட்டும் ஊர் மூடவில்லை என்று தோன்றுகிறது! 2015ல் நடந்ததைக் கேளுங்கள். அங்கே அப்போது கோடைக்கு ஒரு மணி நேரம் முன்னே, குளிருக்கு ஒரு மணி நேரம் பின்னே என்று கடிகாரத்தைத் திருப்புகிற வழக்கம். அக்டோபர் 25ல் திருப்ப வேண்டியதை, நவம்பர் 1ல் தேர்தல் என்பதால் அரசாங்கம் நவம்பர் 8க்குத் தள்ளி வைத்தது. செல்போன்களுக்கு அரசாணை தெரியுமா? பாட்டுக்குத் தானாகத் திரும்பிவிட்டன. ஒரே படுக்கையில் கணவன் போனில் ஒரு மணி, சுவரில் ஒரு மணி. 'மணி என்ன?' என்று நாடே ஒருத்தரையொருத்தர் கேட்டுக்கொண்டது. அடுத்த வருஷம், 2016ல், திருப்புகிற வேலையே வேண்டாம் என்று கோடை நேரத்தையே நிரந்தரமாக்கிவிட்டார்கள். விளைவு, டிசம்பர் கடைசியில் இஸ்தான்புல்லில் சூரியன் எட்டேகாலுக்கு மேல்தான் எழுந்திருக்கிறான். பிள்ளைகள் இருட்டில் ஸ்கூலுக்குப் போகிறார்கள். ஹாலித் அயார்ஜி இருந்திருந்தால் சூரியனுக்கு அபராதம் போட்டிருப்பார்.

பாங்கு மட்டும் அன்றும் இன்றும் சூரியனைப் பார்த்துத்தான். ஹாகியா சோஃபியா வளாகத்தில் நேரம் பார்த்த அந்தப் பழைய அறை இன்னும் நிற்கிறது. தோல்மாபாஹ்ச்சே அரண்மனையில் அத்தாதுர்க் இறந்த அறைக் கடிகாரம் 9.05ல் நிற்கிறது. 1938 நவம்பர் 10 காலை. வருஷா வருஷம் அதே தேதி, அதே நிமிஷத்தில் சங்கு ஊதுகிறது. ரோட்டில் கார்கள் அப்படியே நின்றுவிடுகின்றன.

கடைசி நாள், கபாத்தாஷிலிருந்து கடலோரமாகப் போகும் பஸ்ஸில் ஆஷியான் போனோம். பாஸ்பரஸைப் பார்த்த சரிவில் ஒரு மயானம். மரங்களுக்கு நடுவே படிப்படியாகக் கல்லறைகள். சுற்றிலும் கவிஞர்கள். யாஹ்யா கெமால் 1958ல் வந்து சேர்ந்தார். பக்கத்திலேயே சீடர், 1962 ஜனவரியில். கல்லில் பெயர் லத்தீன் எழுத்தில். கீழே கடலில் ஒரு எண்ணெய்க் கப்பல், ஏதோ தெருவே நகர்ந்து போவது மாதிரி, கருங்கடல் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். வழக்கம் தெரியாவிட்டாலும் மரியாதை தெரிந்தவர்.

"என்ன வயசுங்க தம்பி?"

"அறுபதுண்ணே. வேலையில இருக்கறப்பவே போயிட்டார்."

"உத்தியோகத்த விட்டுப்போட்டு எழுதீருக்கலாமுங்களே?"

"சம்பளம் வேணுமே. கடன் இருந்துச்சு."

"அதுஞ் செரிதான்" என்றவர், பஸ் ஸ்டாப்புக்கு வந்ததும் பையிலிருந்து ஃபைலை எடுத்தார். "அந்த ரெண்டாவது மெஷினுக்கு அட்வான்ஸ் குடுத்தரலாமுங்களா? தண்ணி கம்மியாத்தான் புடிக்குமுன்னு அந்தப் பையன் சொன்னானே."

கொட்டேஷனை வாங்கிப் பார்த்தேன். விலை அதிகம்தான். பேசினால் இன்னும் ஐந்து பர்சென்ட் குறைப்பார்கள் என்றேன்.